கதிர்காமக் காட்டுவழியில் குடிதண்ணீரும் ஒதுங்க ஓர் இடமும்

வாசகி கேள்வி:

நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்கு நடந்து போகிற குடும்பம். போன முறை 22 பேர் உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். மூன்றாம் நாள் இரவு காட்டுக்குள் வியாழை என்ற தங்குமிடத்தில் தங்கினபோது 9 பேருக்கு வயிற்றோட்டமும் சத்தியும். இத்தனைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். பெரிய வாளியில் ஊற்றி ஆற வைப்போம், ஆளுக்காள் கோப்பையால் அள்ளிக் குடிப்போம். இந்த முறை குளோரின் குளிசை கொண்டு போவோம் என்றேன். கூட்டத்தை நடத்துகிற பெரியப்பாவுக்கு (வயது 71) அது பிடிக்கவில்லை. "அது முருகன்ர தீர்த்தம், அதுக்குள்ள மருந்து போடுறதா?" என்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லாததால் நான் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். இந்த முறை சர்க்கரை வியாதி உள்ள அம்மாவும் 8 வயது மகனும் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். போன வருடம் உங்களுக்கு நடந்ததற்கான காரணத்தை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். "ஆளுக்காள் கோப்பையால் அள்ளிக் குடிப்போம்" என்ற அந்த வரிதான்.

தண்ணீர் கொதித்தபோது அதில் இருந்த கிருமி செத்தது, அது சரி. ஆனால் கொதித்த தண்ணீருக்குக் காவல் கிடையாது. ஆறிய பிறகு அதற்குள் போகிற ஒவ்வொரு கையும் ஒவ்வொரு கோப்பையும் புதிதாக எதையாவது கொண்டுபோய் விடும். 22 பேரில் ஒருவர் காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, சவர்க்காரம் இல்லாமல் கையை நனைத்துவிட்டு, விரல் தண்ணீரில் படும்படி கோப்பையைத் தாழ்த்தி அள்ளியிருந்தால் போதும். அந்த வாளி முழுக்க அவருடைய வயிற்றில் இருந்தது கலந்துவிடும். பழைய சோற்றிலும் கறியிலும் பிழை இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த வருடங்களில் கோயில் திருவிழா, சாரணர் முகாம், கலியாண வீடு என்று நான் போய்ப் பார்த்த இடங்களில் முதலில் தேடியது திறந்த வாளியையும் அதன் விளிம்பில் தொங்கும் கோப்பையையும்தான்.

அதனால் இந்த முறை வாளியை விட்டுவிடுங்கள். அடியில் குழாய் பூட்டிய 20 லீற்றர் கான் கடைகளில் கிடைக்கிறது. சுமக்கப் பாரம் என்றால் வாய் ஒடுங்கிய, மூடியுள்ள கான் இரண்டு கொண்டு போய், சரித்து ஊற்றிக் குடியுங்கள். வேறு வழியில்லாமல் கிடாரத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் நீளக் காம்புள்ள சிரட்டை அகப்பை ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரே ஒருவர்தான் அள்ளி ஊற்ற வேண்டும், மற்றவர்கள் தங்கள் போத்தலை நீட்ட வேண்டும். அப்படி ஒருவரை நியமித்து விடுவது நல்லது. வயிறு சரியில்லாத நாளில் அவர் அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இனி, எந்தத் தண்ணீரை எடுப்பது? யாத்திரைக் காலம் கிழக்கில் கடும் வறட்சிக் காலம். மாரி மழை ஐப்பசிக்குப் பிறகுதான். காட்டு வில்லுகள், அதாவது பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் இயற்கைக் குளங்கள், வற்றிச் சேறாகிக் கிடக்கும். மிச்சமாக உள்ள தண்ணீருக்குத்தான் யானையும் எருமையும் பன்றியும் வரும். அதனால் வில்லுத் தண்ணீர் கடைசித் தெரிவாக இருக்கட்டும். அதன் மேல் பச்சை வர்ணம் ஊற்றியது போல ஆடை படர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். அந்தப் பாசியில் சில வகை நஞ்சு விடும், கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. உகந்தைக்கு வரும் வழியில் வயல் வாய்க்கால் தண்ணீரும் அப்படித்தான். களைக்கும் பூச்சிக்கும் அடித்த மருந்து அடுப்பில் வைத்தால் மறைந்துவிடாது. கடற்கரையோர மணலில் தோண்டிய பூவலில் உவர்ப்புத் தட்டினால், எவ்வளவு காய்ச்சினாலும் உவர்ப்புத்தான்.

பவுசரில் கொண்டுவந்து தாங்கியில் நிரப்பிய தண்ணீர் கிடைக்கிற இடத்தில் அதையே எடுங்கள். குளோரின் வாடை இலேசாக அடித்தால் நல்லது. வாடையே இல்லை என்றால் ஆற்றுத் தண்ணீர் போலவே நினைத்துச் சுத்தப்படுத்திக் குடியுங்கள்.

தாங்கி இல்லாத இடத்தில், ஆற்று நீரை நேரே அள்ளுவதை விட மணலில் ஊற்றுத் தோண்டுவதே மேல். இதைப் பெரியப்பாவே உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார். கும்புக்கன் ஆற்றில் எத்தனை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்! நீர் ஓடும் விளிம்பிலிருந்து 10, 15 அடி தள்ளி, குளிக்கிற இடத்துக்கு மேல்பக்கமாக, முழங்கை மூழ்கும் அளவுக்குக் கையாலோ சிரட்டையாலோ தோண்டுங்கள். முதலில் ஊறுவது கலங்கலாக வரும், அள்ளி வெளியே ஊற்றுங்கள். அப்படி மூன்று தரம் இறைத்தால் நாலாம் தரம் தெளிந்து ஊறும். மணல் ஒரு வடி. பாசியையும் சேற்றையும் பெரும்பாலும் பிடித்துவிடும், கிருமியிலும் ஒரு பங்கைக் குறைக்கும். ஆனால் முழுதாக நிறுத்தாது. விளிம்பிலிருந்து தள்ளித் தோண்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம் முதலை. ஒரே துறையில் ஒரே நேரத்தில் தினமும் குனிந்து அள்ளுகிறவரை அது கவனித்து வைத்திருக்கும். மகனை விளிம்புக்கு அனுப்பவே வேண்டாம். பொழுது சாய்வதற்கு முன்பே தண்ணீர் வேலையை முடித்துவிடுங்கள்.

எடுத்த தண்ணீரை முதலில் வடியுங்கள். பழைய பருத்திச் சீலைத் துண்டை எட்டாக மடித்து கானின் வாயில் கட்டினால் போதும். பழைய சீலைக்கு நூல் தளர்ந்து இழைகள் நெருங்கியிருக்கும், புதுச் சீலையை விட நன்றாகப் பிடிக்கும். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பங்களாதேசக் கிராமங்களில் பெண்கள் மடித்த சீலையால் குளத்து நீரை வடித்தபோது கொலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கொலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும், தன்னை விடப் பெரிய சிற்றுயிர்களில் ஒட்டிக்கொண்டு இருப்பதால் அப்படி. மற்றக் கிருமிகள் சீலைக்கு அகப்படாது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசித் தண்ணீரைத் தெளிய வைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு, சீனக்காரமும் அதே வேலை செய்யும். மண்ணைத் தாழ விட்டால் பிறகு போடுகிற குளோரின் நன்றாக வேலை செய்யும். ஆகவே அவை நல்லதுதான். தெளிந்துவிட்டது என்பதற்காக அப்படியே குடித்துவிடாமல் இருந்தால் சரி.

பிறகு கொதிக்க வைத்தல். தளதளவென்று நன்றாகப் பொங்கிக் கொதித்து ஒரு நிமிடம் போனால் போதும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று விறகைக் கரைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த வெயிலில் நடக்கிற ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 4 லீற்றராவது வேண்டும். 22 பேருக்கு 88 லீற்றர். எல்லாவற்றையும் காட்டில் காய்ச்ச முடியாது. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பில் தணல் இருக்கும்போதே கிடாரத்தில் மறுநாள் காலைக்கான தண்ணீரை வையுங்கள். கொதித்ததும் இறக்கி மூடி, மூடியைத் திறக்காமல் விடியும்வரை ஆற விடுங்கள். விடிய ஆளுக்கு இரண்டு போத்தல் நிரப்பலாம். பகலில் இடைவழியில் எடுக்கிற தண்ணீருக்குக் குளிசை.

குளோரின் குளிசையில் ஒரு விசயம் கவனம். 1 லீற்றருக்கு ஒன்று போடுகிறதும் இருக்கிறது, 20 லீற்றருக்கு ஒன்று போடுகிறதும் இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பெட்டியில் உள்ளதை வாசித்து, காட்டுக்குள் இறங்கும் முன்பே எந்தக் கானுக்கு எத்தனை என்று கானிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். போட்டுக் கரைத்த பிறகு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். போத்தலில் போட்டால் மூடியைச் சற்றுத் தளர்த்திச் சரித்து, மருந்து கலந்த தண்ணீர் வாயின் புரியை நனைத்து வழியும்படி செய்யுங்கள். நாங்கள் உதடு வைப்பது அந்தப் புரியில்தான். அங்கே ஆற்று நீர் ஈரமாக இருந்தால் உள்ளே உள்ள நீரைச் சுத்தம் செய்து என்ன பலன்? கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளை மட்டும் கொண்டுபோய்க் கண்மட்டத்தில் கிள்ளிப் போடாதீர்கள். அதன் வீரியம் நாட்பட நாட்படக் குறையும், கூடினால் வயிற்றையும் புண்ணாக்கும்.

குளிசையும் இல்லை, விறகும் இல்லை என்ற நிலை வந்தால் தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் படுக்க வையுங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வேண்டும். நடக்கிறவர்களுக்கு இது வசதிப்படாது, ஓரிடத்தில் ஒரு பகல் தங்கும்போது கைகொடுக்கும்.

சரி, இனி நீங்கள் கூச்சத்தோடு எழுதிய விசயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரைக் குறைத்தேன் என்கிறீர்கள். இப்படிச் செய்கிற பெண்கள் எத்தனை பேர்! 35 பாகை வெயிலில் வியர்த்துக்கொண்டு நடக்கிற உடம்பு அதைத் தாங்காது. சலக்கடுப்பு, தலைச்சுற்று, சிறுநீரகத்தில் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே உட்கார்ந்து குடியுங்கள். சர்க்கரை வியாதி உள்ள அம்மாவுக்கு இது இன்னும் முக்கியம். அவர் தாகத்தை அடக்கவே கூடாது.

அதற்கு வழி, தங்குகிற இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக மறைவிடத்தை அமைப்பது. அடுப்பு அதற்குப் பிறகு. மலசலகூடம் கட்டி வைத்திருக்கிற இடத்தில் அதைத்தான் பாவிக்க வேண்டும். அது தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் அதிகாரிகள் இந்த இடத்தில் தோண்டாதே என்றால் கேட்க வேண்டும். எதுவும் இல்லாத இடத்தில், ஆற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் எண்பது பெரிய எட்டு எண்ணிப் போங்கள், கிட்டத்தட்ட 60 மீற்றர் வரும். நீர் ஓடும் திசையில் கீழ்ப்பக்கமாக, மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஆற்றுக்கு இறங்காத மேட்டு நிலமாகப் பாருங்கள். ஓர் அடி அகலத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு நீள்குழி, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து அதில் ஒரு சிரட்டையைக் குத்தி வையுங்கள். ஒவ்வொருவரும் போன பிறகு இரண்டு சிரட்டை மண்ணும் ஒரு பிடி அடுப்புச் சாம்பலும் போட்டு மூட வேண்டும். ஈ வராது, மணமும் அடங்கும். இரண்டு பழைய சீலைகளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினால் மறைப்பு. அங்கே போகிற வழியில் ஒரு வெள்ளைக் கயிறு கட்டி விட்டால் இரவில் ரோச் வெளிச்சத்தில் வழி தெரியும். இருட்டில் யாரும் தனியாகப் போக வேண்டாம், யானை நிற்கிறதா என்று தெரியாது. இடைவழியில் அவசரம் வந்தால் ஒருவருக்கு ஒரு சாண் ஆழக் குழி போதும்.

கழுவுவது பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் போவது பற்றைக்குள், கழுவுவது ஆற்றில். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. கழுவுகிற தண்ணீரைப் போத்தலில் குழியடிக்குக் கொண்டு போய் குழிக்கு மேலேயே கழுவ வேண்டும். காய்ந்த ஆற்று மணல் மெத்தென்று இருக்கிறது, தோண்டச் சுலபம் என்று அதிலேயே ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த நாள் வருகிற கூட்டம் ஊற்றுத் தோண்டப் போவதும் அதே மணலில்தான், மகள். உங்களுக்கு முன்னால் போனவர்கள் அப்படிச் செய்திருந்தால் நீங்கள் வடித்ததும் இறைத்ததும் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள்.

கை கழுவக் குழாய் இல்லையே என்பீர்கள். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் ஊசியைச் சூடாக்கி ஒரு சிறு துளை போடுங்கள். நிரப்பி மூடியை இறுக்கினால் தண்ணீர் நிற்கும், மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் நூல் போல ஓடும். மறைவிடத்துக்குப் போகிற வழியில் ஒரு கிளையில் அதைக் கட்டுங்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் ஒரு சவர்க்காரத் துண்டைப் போட்டுப் பக்கத்தில் தொங்க விடுங்கள். ஒரு போத்தலில் பத்துப் பேர் கை கழுவலாம். இன்னொன்றைச் சமையல் செய்கிற இடத்தில் கட்டுங்கள். மகனுக்கு இந்த இரண்டு போத்தலையும் நிரப்பி வைக்கிற வேலையைக் கொடுங்கள், தானும் கழுவுவான், கழுவாத பெரியவர்களையும் கூப்பிட்டுச் சொல்வான். மாதவிடாய்த் துணி, பம்பஸ், பொலித்தீன் எதையும் புதைக்காதீர்கள். பன்றி கிளறி எடுக்கும். ஓர் உரப்பைக்குள் கட்டி வெளியே கொண்டு வந்துவிடுங்கள்.

2004 மார்கழியில் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பேறிக் கிடந்தன. பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் சனம் நெருங்கிப் படுத்திருந்தது. அடுத்து வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வரிசையாக வரும் என்று நாங்கள் எல்லோருமே பயந்தோம். அந்தப் பெரிய தொற்று வரவில்லை. பவுசர் தண்ணீரில் தினமும் குளோரின் பார்த்தோம், மூடி போட்ட கான் கொடுத்தோம், சவர்க்காரம் கொடுத்தோம், மலக்குழியை முதல் வேலையாக வெட்டினோம். அதற்கு மேல் எங்களிடம் பெரிய கருவி ஒன்றும் இருக்கவில்லை. 22 பேருக்கு அதை உங்களாலும் செய்ய முடியும்.

அப்படியும் யாருக்காவது வயிற்றால் போனால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச்சீனித் தூள்) கரைத்துக் கொடுங்கள். ஒரு பைக்கெற் சரியாக 1 லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு, 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஜீவனி தீர்ந்தால் 1 லீற்றரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மிடறு மிடறாகத் தொடருங்கள். வயிற்றோட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற குளிசையைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், கண் குழி விழுதல், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, பிள்ளை சோர்ந்து கூப்பிட்டால் கண் திறக்காமை, இவற்றில் எதைக் கண்டாலும் நடையை நிறுத்தி வழியில் இருக்கிற மருத்துவ முகாமுக்கோ அதிகாரிகளுக்கோ அறிவித்து வாகனம் கேளுங்கள். உகந்தைப் பக்கம் என்றால் பொத்துவில் வைத்தியசாலை, அந்தப் பக்கம் என்றால் கதிர்காமம் அல்லது திஸ்ஸமகாராம. நேர்த்தியை அடுத்த வருடமும் நிறைவேற்றலாம்.

அம்மாவைப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக்குக்குக் கூட்டிப் போய், நடக்கிற நாட்களிலும் வயிற்றோட்டம் வந்தாலும் எந்த மருந்தை எப்படி எடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் காலில் வெடிப்பும் புண்ணும் எளிதில் வரக்கூடியவர் அவர், சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் குடிக்கிற வழியை விடத் தோல் புண் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகும். வயலில் இறங்குகிறவர்களுக்கு இதற்குத் தடுப்புக் குளிசை கொடுப்பதுண்டு, உங்கள் கூட்டத்துக்கும் வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்று வந்தால் காட்டுத் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். செங்கமாரியும் அப்படித்தான், குடித்த தண்ணீரை மறந்த பிறகு நாலு கிழமை கழித்துத் தலைகாட்டும்.

பெரியப்பாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, அது தீர்த்தம்தான். மருந்து போடுவது தீர்த்தத்துக்கு இல்லை, எங்கள் கையாலும் காலாலும் அதில் சேர்ந்துவிட்ட அழுக்குக்கு. அவர் முதல் மிடற்றை வாயில் விட்டுக் கும்பிடட்டும் என்றும் என்னால் சொல்ல முடியாது, அந்த வயதில் ஒரு மிடறும் ஆபத்துத்தான். தலையில் தெளித்துக் கும்பிடட்டும். அவருக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஊற்றுக்கு இடம் காட்டுவதும், அதிலிருந்து எண்பது எட்டுக்குள் ஒருவரும் ஒதுங்காமல், ஒருவரும் கால் கழுவாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலை. நான் சொன்னால் கேட்காத இளந்தாரிகள் அவர் அதட்டினால் கேட்பார்கள். இந்தக் கடிதத்தின் அந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். குளிசைப் பெட்டியை அம்மாவின் பையில் வையுங்கள். கைப்பிடி குட்டையான மண்வெட்டி ஒன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள், உகந்தையில் போய்த் தேடினால் கிடைக்காது.